அம்பு போடாத துண்டு

ஆண்டர்சன்பேட்டை
6 ஜூலை 2024

அக்ஷயா அக்காவுக்கு,

நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. "இருக்கியா பவ்யா?" என்று மூன்று தடவை கேட்டீர்கள். இருந்தேன். போனைக் காதில் வைத்தால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். வாட்ஸாப்பில் எழுதினாலும், நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று நீலக் கோடு வந்ததும் எழுதியதை அழித்துவிடுவேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அப்பா திங்கட்கிழமை பெங்களூருக்கு வேலைக்கு வரும்போது, கல் மூட்டையோடு இதையும் உங்கள் ஆய்வகத்து வாசலில் கொடுப்பார். நமக்குள் சண்டை என்று அவருக்குத் தெரியாது. சொல்லிவிடாதீர்கள்.

பாலகாட் துளையின் கோர் பெட்டிகளைக் கழுவும்போது கல்லைத் தலைகீழாக வைத்துவிட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை.

நான் எப்படிக் கழுவுகிறேன் என்று நீங்கள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் கோர் என்று சொல்கிறவை, தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் துளை போட்டு எடுத்த கல் உருளைகள், இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஷெட்டில் கிடந்தவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு விரல் அழுக்கு. ஒரு பெட்டியில் ஐந்து வரிசை. ஒரு நேரத்தில் ஒரு துண்டைத்தான் எடுப்பேன். எடுக்கும் முன்பே, துளை ஆரம்பித்த பக்கத்திலிருந்து முடியும் பக்கம் பார்த்து மஞ்சள் பெயிண்டில் ஓர் அம்பு போட்டுவிடுவேன். உங்கள் அப்பா கடையில் வாங்கிய பெயிண்ட்தான். கழுவி, துடைத்து, அது கிடந்த குழியிலேயே வைத்த பிறகுதான் அடுத்தது. எட்டு மாதமாக அப்படித்தான்.

வாட்ச்மேன் தங்கவேலு அண்ணன் நேற்றே ஷெட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நீங்கள் சொன்னதாகச் சொன்னார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அவராலும் என் முகத்தை.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். எழுந்து நின்று பதில் சொல் என்பார்கள். தெரிந்தாலும் நிற்பேன், தெரியாவிட்டாலும் நிற்பேன். ஒன்பதாவதில் நின்றேன், பத்தாவதில் போகவே இல்லை. பேசாமல் நிற்பவள் தப்பு செய்தவள் என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். நீங்களும் அப்படி நினைப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

சாவி வேண்டும். அதைவிட, நீங்கள் சொன்னதை நீங்களே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பவ்யா


பெங்களூர்
10 ஜூலை 2024

பவ்யாவுக்கு,

உன் அப்பா வாசலில் செக்யூரிட்டியிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார். நன்றி சொல்லக்கூட முடியவில்லை. நீ காகிதத்தில் எழுதியதால் நானும் காகிதத்திலேயே எழுதுகிறேன்.

நான் உன்னைத் திட்டவில்லை. கேட்டேன். ஏன் கேட்டேன் என்பதைப் போனில் அவசரத்தில் சொல்லவில்லை, அது என் தப்பு. இப்போது சொல்கிறேன்.

பாலகாட் குன்றின் மேல் தெரியும் பாறை ஒரு காலத்தில் கடலடி. இருநூற்று எழுபது கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே மணலும் சேறும் கலந்து வந்து படிந்தது. கனமான மணி முதலில் அடியில் உட்காரும், நைசான சேறு கடைசியில் மேலே உட்காரும். அரிசி அரிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். குன்றில் அடுக்குகள் அப்படியே இருக்கின்றன, பருமணி கீழே, நைசு மேலே. நேர்ப் பாறை.

அதே குன்றுக்கு அடியில் போட்ட துளையிலிருந்து வந்த கோரில் எல்லா அடுக்கிலும் பருமணி மேலே, நைசு கீழே. கவிழ்ந்த பாறை. இரண்டுக்கும் நடுவே இருநூறு அடிதான். இருநூறு அடிக்குள் பாறை மனசு மாறாது.

தெற்கே போட்ட இரண்டாம் துளையிலும் கவிழ்ந்துதான் இருக்கிறது. இந்த இரண்டையும் நம்பித்தான் அப்படிப் படிந்த படுகை முழுவதுமே கவிழ்ந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் அடியிலிருந்து நெருப்புக் குழம்பு வந்து கறுப்புப் பாறையாக உறைந்தது என்று நான்கு வருஷமாக எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் என் கைடு எலைன் மேடம் குன்றின் புகைப்படத்தை மேஜையில் போட்டு, "இதற்கு என்ன சொல்கிறாய்?" என்றார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. உனக்கு மட்டும்தான் வாய் அடைக்கும் என்று நினைக்காதே.

ஆகஸ்ட் 12 அன்று ஆய்வேட்டுக் குழுவின் முன்னால் நான் பேச வேண்டும். பெட்டிகள் திரும்பியிருந்தால் என் நான்கு வருஷமும் போச்சு. திரும்பவில்லை என்றால் குன்று எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

ஏப்ரலில் ஒருநாள் உள்ளே பெரிய சத்தம் கேட்டதாகத் தங்கவேலு சொன்னார். என்ன விழுந்தது என்று நீ அவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அதனால்தான் சாவி.

என்ன விழுந்தது?

அக்ஷயா


ஆண்டர்சன்பேட்டை
14 ஜூலை 2024

அக்காவுக்கு,

விழுந்தது இரண்டாம் துளையின் பத்தொன்பதாம் பெட்டி.

ஏப்ரல் 23, மத்தியானம். கை ஈரமாக இருந்தது, ராக்கிலிருந்து இழுத்தபோது நழுவிவிட்டது. பதினொரு துண்டுகள் தரையில் சிதறின. அந்தப் பெட்டிக்கு அப்போது அம்பு போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

முந்தின பெட்டியின் கடைசித் துண்டிலிருந்தும் அடுத்த பெட்டியின் முதல் துண்டிலிருந்தும் தொடங்கி, அன்று சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்து பொருத்தினேன். உடைந்த தட்டைப் பொருத்துகிற மாதிரிதான். ஒரு துண்டின் உடைந்த வாயும் அடுத்ததன் வாயும் சேர்ந்தால் நடுவில் நகம்கூட நுழையாது. தப்பான ஜோடி என்றால் ஆடும். அப்படிப் பத்துத் துண்டுகளுக்கு இடம் கிடைத்தது. ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. கட்டைவிரல் நீளம், இரண்டு முனையும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பொருந்தியது. மீதி இருந்த குழியில் அதை வைத்தேன். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாததால் அம்பு போடவில்லை. இப்போதும் அந்தப் பெட்டியில் அம்பு இல்லாத துண்டு அது ஒன்றுதான். போய்ப் பாருங்கள்.

சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் போனை எடுத்து உங்கள் பெயரை அமுக்கினேன், ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டேன். நீங்கள் திரும்பக் கூப்பிட்டு, "கை பட்டுடுச்சா?" என்று சிரித்தீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது பொய். அந்த ஒரு பொய்க்காக என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பாலகாட் பெட்டிகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. முப்பத்திரண்டு பெட்டி, ஒன்றுகூட விழவில்லை. உங்களுக்காக நான் எடுத்துக்கொள்கிற பழி பத்தொன்பதாம் பெட்டியோடு சரி. பாறை மனசு மாறாது என்று எழுதியிருந்தீர்கள். இதில் நானும் மாற மாட்டேன்.

பவ்யா


பெங்களூர்
22 ஜூலை 2024

பவ்யா,

நேற்று ஊருக்கு வந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய் என்று தெரியும். மார்க்கெட் முனையில் துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டு சர்ச் பக்கம் திரும்பிவிட்டாய். கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை.

ஷெட்டுக்குப் போனேன். பத்தொன்பதாம் பெட்டியைத் தரையில் இறக்கி ஒவ்வொரு வாயாகச் சேர்த்துப் பார்த்தேன். பத்தும் சரி. அம்பு இல்லாத துண்டும் நீ சொன்ன குழியில் இருந்தது. நீ கவனமில்லாதவள் என்று நான் நினைத்தது தப்பு. அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நீ நேர்மையானவள் என்பதால் குன்று மாறிவிடாது. இருபது வருஷத்தில் அந்தப் பெட்டிகளை யார் யாரோ நகர்த்தியிருப்பார்கள். உனக்கு முன்பே கலைந்திருக்கலாம். எனக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அதனால் பாலகாட் துளையை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடப் போகிறேன். ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். "கையாளும்போது பெட்டிகளின் வரிசை கலைந்ததால் இத்துளை சேர்க்கப்படவில்லை." அவ்வளவுதான். உன் பெயர் எங்கேயும் வராது.

பன்னிரண்டாம் தேதி முடிந்ததும் சாவி விஷயம் பேசலாம்.

அக்ஷயா


ஆண்டர்சன்பேட்டை
28 ஜூலை 2024

அக்கா,

அந்த வரியை எடுங்கள்.

பெயர் வராது என்கிறீர்கள். அந்த ஷெட்டில் இருபது வருஷத்துக்குப் பிறகு கோரில் கை வைத்தவள் நான் ஒருத்திதான். கையாளும்போது என்றால் என் கைதான். புத்தகத்தில் அச்சானால் யாரும் அழிக்க முடியாது. பேசத் தெரியாதவளுக்கு இதுவாவது ஒழுங்காக வருகிறதே என்று எங்கள் லைன் வீடுகளில் நாலு பேர் இப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள்.

கோபத்தில் இதை மட்டும் எழுதி அனுப்பியிருப்பேன். நல்லவேளை, வியாழக்கிழமை மழை பெய்தது.

பக்கத்து வீட்டு சரோஜம்மா தண்ணீர் மோட்டாருக்கு மேல் ஒரு பழைய ரெயின்கோட்டைப் போட்டு மூடினார். தடியான ரப்பர் கோட்டு. அவர் வீட்டுக்காரர் தசரதன் சுரங்கத்தில் போட்டுக்கொண்டது. அவர் செத்து ஏழு வருஷம். பிறந்ததிலிருந்து அந்தக் கோட்டைப் பார்க்கிறேன், அன்றுதான் யோசனை வந்தது. எழுநூறு அடிக்குக் கீழே வேலை செய்தவருக்கு ரெயின்கோட்டு எதற்கு?

"இன்னாடி, கோட்டையே மொறைக்கிற? கட்டிக்கப் போறியா?" என்றார்.

சரோஜம்மாவிடம் எனக்கு வாய் கொஞ்சம் வரும். பூமிக்குள் மழை பெய்யுமா என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் இரண்டு வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அவரு மேல பாத்துத் தொளை போடற ஆளுடி. மிஷினுக்கு விடற தண்ணி சேறு எல்லாம் அந்தத் தொளை வழியா அவரு தலையிலதான் வந்து ஊத்தும். கீழ பாத்துத் தொளை போடறவனுக்குக் கோட்டு எதுக்கு? உங்க பெங்களூர் அக்கா இதெல்லாம் படிக்கலியா?"

அக்கா, நான் மோட்டார் பக்கத்திலேயே மழையில் நின்றேன். சுரங்கத்துக்குள், லெவல் என்கிற குறுக்குப் பாதையில் நின்றுகொண்டு தலைக்கு மேலேயும் துளை போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் பெட்டியின் முதல் துண்டு எது? கீழே இருப்பது. கடைசித் துண்டு? மேலே இருப்பது.

ஆனால் பாலகாட் துளை அப்படிப்பட்டதா என்று கோட்டு சொல்லாது. ஷெட்டில் மேல் ராக்கில் ஒரு தகரக் குழாய் கிடக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? தூசி என்று நீங்கள் திறக்க வேண்டாம் என்றீர்களே, அதுதான். அதில் துணியில் வரைந்த பழைய சுரங்கப் படங்கள் உண்டு என்று எனக்குத் தெரியும், பல்லி விழுந்தபோது ஒருமுறை திறந்திருக்கிறேன். நேற்று தங்கவேலு அண்ணனிடம் போய் நின்றேன். வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர், "நான் டீ குடிச்சிட்டு வரேன். பத்து நிமிஷம். நீ உள்ள இல்ல, நான் உன்னைப் பாக்கல" என்று கதவைத் திறந்துவிட்டுப் போனார்.

படத்தை எடுத்து வரவில்லை. மேலே காகிதம் வைத்து நகல் எடுத்தேன், இதோடு வைத்திருக்கிறேன். பாலகாட் துளையின் எண்ணைத் தேடிப் பாருங்கள். ஏழாம் லெவலில் ஆரம்பித்துக் குன்றைப் பார்த்து மேலே போகிறது. பெட்டியில் பூஜ்யம் அடி என்பது ஏழாம் லெவல். ஐந்நூறு அடி என்பது குன்றுக்குப் பக்கம். நீங்கள் ஐந்நூறை ஆழம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அது உயரம்.

அப்படியானால் பருமணி கீழேதான் இருக்கிறது. குன்றும் கோரும் ஒன்றையே சொல்கின்றன.

இரண்டாம் துளையையும் பார்த்தேன். அது நாலாம் லெவலிலிருந்து கீழேதான் போகிறது. அதனால் அங்கே பாறை உண்மையாகவே கவிழ்ந்திருக்கிறது. வடக்கே நேராக, தெற்கே கவிழ்ந்து. இது எப்படி என்று நேற்று முழுக்க யோசித்தேன். அம்மா காலையில் புடவை கட்டும்போது கிடைத்தது. கொசுவத்தில் ஒரு மடிப்பு புடவையின் நல்ல பக்கத்தைக் காட்டும், அடுத்த மடிப்பு உள்பக்கத்தைக் காட்டும். புடவை கவிழவில்லை, மடிந்திருக்கிறது. உங்கள் படுகையும் அப்படித்தானே?

நீங்கள் சொன்ன கறுப்புப் பாறை இரண்டு துளையிலும் வருகிறது. இரண்டிலும் அது அடுக்கோடு வளையவில்லை, நேராக வெட்டிக்கொண்டு போகிறது. பாகு ஆறும்போது தட்டின் ஓரம் முதலில் இறுகுகிற மாதிரி, அதன் ஓரம் இரண்டிலும் நைசாக இருக்கிறது. கொசுவம் வைத்த பிறகு குத்திய ஊக்கு மாதிரி. நெருப்பு பிறகு வந்தது என்று நீங்கள் எழுதியது சரிதான். அதை மாற்ற வேண்டாம்.

அந்த ஒரு வரியை மட்டும் எடுங்கள்.

பவ்யா


பெங்களூர்
2 ஆகஸ்ட் 2024

பவ்யா,

உன் நகலைத் திங்கட்கிழமையிலிருந்து எத்தனை தடவை விரித்துப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது.

வரியை எடுத்துவிட்டேன். பெட்டி கலையவில்லை. கலைந்தது என் தலை.

எங்கள் வீட்டில் யாரும் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறியதில்லை. அப்பா ஜம்புலிங்கம் முப்பத்தைந்து வருஷம் சுரங்கத்துக்காரர்களுக்குப் பெயிண்டும் ஆணியும் விற்றார், ஒருநாளும் கீழே போனதில்லை. கடைக்காரப் பெண்ணுக்குத் துளை என்றால் தரையில் நின்று கீழே போடுவது. கல்லூரியிலும் அப்படித்தான் படித்தேன். அடி எண்ணைப் பார்த்ததும் கம்ப்யூட்டரில் ஆழம் என்ற தலைப்பின் கீழ் போட்டுவிட்டேன். நான்கு வருஷத்தில் ஒருமுறைகூடச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வந்தபோது அது உன் மேல் வந்தது. மன்னித்துவிடு.

முழுப் படுகையும் கவிழ்ந்தது என்ற அத்தியாயம் போய்விட்டது. மூன்று நாள் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மடிப்பு அதைவிட நல்ல விஷயம். மடிப்பு எங்கே திரும்புகிறது என்று இரண்டு துளைக்கும் நடுவில் தேட முடியும். தேடுவேன்.

இப்போது ஒரு சிக்கல். எலைன் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன வாரம் வரை பெட்டி கலைந்தது என்றவள், இந்த வாரம் துளையே மேலே போனது என்கிறாய், உனக்கு வசதியான பதில் எப்படியோ கிடைத்துக்கொண்டே இருக்கிறது என்றார். அவர் சொல்வது நியாயம். எட்டாம் தேதி அவரே ஷெட்டுக்கு வருகிறார். நான் கூட வரக்கூடாதாம், வந்தால் நான் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். பெட்டிகளைத் திறந்து காட்டுகிறவளிடம் அவர் நேராகக் கேட்பார். அவர் திருப்தியானால்தான் பன்னிரண்டாம் தேதி.

உன்னால் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுதும்போதே அது தப்பு என்று பட்டது. அதனால் கேட்கவில்லை.

சாவியைத் தங்கவேலுவிடமிருந்து அப்பா வாங்கிக் கடையில் வைத்திருக்கிறார். அவரிடம் நீ எதுவும் பேச வேண்டாம், கையை நீட்டினால் போதும்.

அக்ஷயா


ஆண்டர்சன்பேட்டை
8 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

எலைன் மேடம் வந்துவிட்டுப் போனார். நாலு மணி நேரம் இருந்தார்.

காலையில் சரோஜம்மாவிடம் கோட்டை இரவல் கேட்டேன். "நான் வந்து பேசட்டுமா? எனக்கு ஒரு கூச்சமும் இல்ல" என்றார். வேண்டாம் என்றேன். கோட்டை ஷெட்டின் ஆணியில் மாட்டினேன். பாலகாட் பெட்டிகள் முப்பத்திரண்டையும் ராக்கில் அடுக்கி வைக்காமல், முதல் பெட்டியைத் தரையில் வைத்து, அதற்கு மேல் இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது என்று சுவரில் சாய்த்த பலகைகளில் ஏற்றிக்கொண்டே போனேன். தங்கவேலு அண்ணன் ஸ்டூலில் ஏறிக் கடைசிப் பெட்டிகளை வைத்தார். பக்கத்தில் துணிப் படத்தை விரித்துத் தொங்கவிட்டேன். பேச வேண்டியதை எல்லாம் அவையே பேசட்டும் என்றுதான்.

மேடம் உள்ளே வந்ததும் பெட்டிகளைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார். கன்னடத்தில் இது யாருடையது என்று கேட்டார். அவர் பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி இல்லை. கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்கும் முன்பு நான் சொல்லிவிட்டேன்.

"மேல பாத்துத் தொளை போட்டா, தண்ணி அந்த ஆளு மேலதான் விழும் மேடம்."

தமிழில்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. பிறகு படம், பிறகு முதல் பெட்டி. தரையில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஸ்டூலில் ஏறிக் கடைசிப் பெட்டியையும் பார்த்தார். நடு நடுவே கேட்டார், நான் சொன்னேன். எத்தனை வார்த்தை என்று தெரியவில்லை, நிறைய. கறுப்புப் பாறையின் ஓரத்தை நானே நகத்தால் காட்டினேன். இறங்கி வந்து, துளை மேலேதான் போயிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது இரண்டாம் துளையின் பத்தொன்பதாம் பெட்டியைக் கேட்டார். நீங்கள் அதையும் சொல்லியிருக்கிறீர்கள். எடுத்து வைத்தேன். அம்பு இல்லாத துண்டைக் கையில் எடுத்து, இது எந்தப் பக்கம் என்றார். மற்ற பத்தும் ஒரே மாதிரி இருக்கும்போது இதுவும் அப்படித்தானே இருக்கும், ஓர் அம்பு போட்டுவிடலாமே என்றார். பெயிண்ட் டப்பாவைக்கூட என் பக்கம் நகர்த்தினார்.

ஒன்பதாவதில் கடைசியாக நான் நின்றது இதே மாதிரிதான். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்ல வாய் வராமல்தான் நின்றேன்.

"தெரியாது மேடம்" என்றேன். சத்தமாகவே வந்தது, தங்கவேலு அண்ணன் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

மேடம் அந்தத் துண்டைக் குழியில் வைத்துப் பெட்டியை மூடினார். இதற்கு நீ அம்பு போட்டிருந்தால் மற்ற எந்த அம்பையும் நான் நம்பியிருக்க மாட்டேன் என்றார். பன்னிரண்டாம் தேதி நடக்கும் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். நாளைக்குள் அவரே சொல்லிவிடுவார், ஆனாலும் முதலில் நான்தான் எழுத வேண்டும் என்று இப்போதே எழுதுகிறேன். அப்பா விடியற்காலை ரயிலில் கொண்டு வருவார். அவரிடம் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போன மாதம் என் பெயர் இல்லாமல் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதை எடுத்த இடம் காலியாகத்தானே இருக்கும். அங்கே வேறு ஒரு வரி எழுதுங்கள். இரண்டாம் துளை, பத்தொன்பதாம் பெட்டி, ஒரு துண்டு, திசை தெரியாது. அதன் பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள்.

சி. பவ்யா